செதுக்குவதற்கான லிண்டன் மரத்துண்டுகள்: ஒரு மதிப்புரை

அம்பாசமுத்திரத்தில் மஞ்சக்கடம்பில் சொப்புச் சாமான் கடைவதைப் பார்த்து வளர்ந்த நான், ‘பாஸ்வுட்’ என்ற பெயரில் இணையத்தில் விற்கப்படும் அமெரிக்க லிண்டன் மரத்துண்டுகளைச் சிறு உருவங்கள் செதுக்குவதற்காக வரவழைத்தேன். பால் வெள்ளையும் வெளிர் பழுப்பும் கலந்த இம்மரத்தில் ரேகைகள் அரிதாகவே கண்ணுக்குத் தெரிகின்றன. கூரான உளி இழைக்குக் குறுக்கே போனாலும் பெரும்பாலும் சிலும்பாமல் சீவல் சுருண்டு விழுவதால், பிள்ளையாரின் தும்பிக்கை மடிப்பு போன்ற நுண்ணிய இடங்களிலும் கை தயங்குவதில்லை. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கிரின்லிங் கிப்பன்ஸ் என்ற மரச்சிற்பி பூச்சரங்களையும் பழக்கொத்துகளையும் இதன் ஐரோப்பிய இன மரத்தில்தான் செதுக்கினார்.

குறைகளும் உண்டு. நகம் அழுந்தினாலே தடம் விழுகிறது. உப்புத்தாளால் தேய்த்தால் பஞ்சுபோல் நார் எழும்புகிறது. சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கிறது. ஈரம் பட்டால் எளிதில் உளுத்துப்போகும் மரமாதலால் வாசல் நிலைக்கோ திண்ணைத் தூணுக்கோ இது ஆகாது.

குளிர் நாட்டு இலையுதிர் மரமான லிண்டனுக்கு இதய வடிவ இலைகளும், தேனீக்கள் மொய்க்கும் மணமுள்ள பூக்களும் உண்டு. உலர்ந்த பூவை வெந்நீரில் ஊறவைத்துப் பருகுவதும், உள்பட்டை நாரில் கயிறு திரிப்பதும் ஐரோப்பாவில் பழைய வழக்கம். தாவரவியலார் இன்று இதை நம் பூவரசும் வெண்டையும் சேர்ந்த குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள். பூவரச இலையைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

கப்பலேறி வரும் மரமாதலால் விலை கூடுதல்தான். செதுக்கப் பழகுபவர்கள் சிறிய துண்டுகளாக வாங்கலாம். பிள்ளைகள் போட்டு உருட்டும் சாமானுக்கு மஞ்சக்கடம்பே போதும்.