"டீகப்" குட்டி என்றால் முதலில் அதன் வாயைத் திறந்து பாருங்கள்

போன ஆடி மாதம் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு பொமரேனியன் நாய்க்குட்டி வாங்கினேன். "டீகப் சைஸ் சார், பெருசா வளராது, அம்பது நாள் ஆச்சு" என்றார் விற்றவர். விலை 18,000 ரூபாய். தாயைப் பார்க்கலாமா என்றேன். அது ஊரில் இருக்கிறதாம். தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லி, பைக்கை விட்டு இறங்காமலே, சிவப்புத் துண்டு விரித்த கூடையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தார். ஜிபே விழுந்ததும் கிளம்பிவிட்டார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மகள் முகத்தைப் பார்த்ததில் புத்தி வேலை செய்யவில்லை.

பசும்பாலில் சத்துமாவு கரைத்து ஊற்றச் சொல்லியிருந்தார். ஊற்றினோம். மறுநாள் இரவு முழுக்க வயிற்றுப்போக்கு. விடிகாலை நாலு மணிக்குப் பார்த்தால் ஈரத்துணி மாதிரிக் கிடக்கிறது, தூக்கினால் தலை நிற்கவில்லை. ஈறு வெளுத்துச் சில்லென்று இருந்தது. ஆட்டோவில் போகும் வழியெல்லாம் மனைவி குளூக்கோஸைக் குழைத்து விரலால் ஈறில் தடவிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் டிரிப்ஸ் ஏற்றிவிட்டு, கட்டைவிரலால் உதட்டை விலக்கிக் காட்டினார். முன்னால் நொய்யரிசி மாதிரி நாலைந்து பல். கடைவாயில் வெறும் ஈறு. "ரெண்டு மாசக் குட்டின்னா பால்பல் இருபத்தெட்டும் அனேகமா வந்திருக்கும் சார். இது நாலு வாரம்தான் இருக்கும். சின்னதா இருக்கறது ஜாதியால இல்ல, வயசால."

தடுப்பூசிப் புத்தகத்தையும் புரட்டினார். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டும் லேபிள் இல்லை, சீல் இல்லை, பேனாவில் எழுதிய ஒரு தேதி மட்டும். பார்வோ என்ற வைரஸ் நோய்க்கு முதல் ஊசியே ஆறு வாரத்துக்கு அப்புறம்தான் போடுவார்களாம்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017 விதிகளே சொல்கின்றன. வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவும் செய்திருக்க வேண்டும். பதிவு எண் கேட்டு மெசேஜ் போட்டேன். நீல டிக் விழுந்தது. அப்புறம் அவருடைய படமே தெரியவில்லை.

ஐந்து நாள் டிரிப்ஸில் குட்டி பிழைத்துவிட்டது. வளராத டீகப் இன்றைக்கு ஆறு கிலோ! அதில் எனக்கு வருத்தமில்லை, சிரிப்புதான். வருத்தம் அதன் கடியில். கூடப்பிறந்த குட்டிகளோடு உருண்டு புரண்டு, எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று பழக வேண்டிய வாரங்களை அது பார்க்கவே இல்லை. விளையாட்டுக்குக் கவ்வினாலும் ரத்தம் வருகிறது. மகளின் மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது.

நேற்று நண்பர் ஒருவர் ஒரு படத்தை அனுப்பி, அட்வான்ஸ் போடலாமா என்று கேட்டார். நம்பர் வேறு. கூடையும் சிவப்புத் துண்டும் அதேதான். "டீகப், 50 நாள்." வீட்டுக்கு வந்து தாயோடு பார்த்துவிட்டுத்தான் பணம் என்று பதில் போடச் சொன்னேன். அந்தப் பக்கமிருந்து இன்னும் பேச்சே இல்லை.