புருசன் பெண்டாட்டி கேஸ், எட்டாம் நம்பர்!

திற்பரப்பு போகவில்லை, முட்டம் போகவில்லை. இந்த லீவில் மனதில் நிற்பது நாகர்கோவிலில் ஒரு கவுன்சலிங் மையத்தின் வராந்தா மட்டும்தான். பெயர் வேண்டாம்.

அப்பா 28 வருஷம் மஸ்கட்டில் இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் லீவில் சண்டை போட நேரம் ஏது? மொத்தமாகத் திரும்பி வந்த பிறகுதான், இருவருக்கும் ஒரே வீட்டில் இருந்து பழக்கமில்லை என்பது வெளியே வந்தது. மீன் வாங்குவது முதல் மோட்டார் போடுவது வரை அப்பாவின் உத்தரவு. அம்மா பேச்சையே நிறுத்திவிட்டாள். மெல்போர்னில் இருக்கும் எனக்கு வீடியோ கால் வரும்: "மக்ளே, சோறு எடுத்து வச்சிருக்குன்னு உனக்க அப்பாட்ட சொல்லு." அப்பா பக்கத்து அறையில்தான் இருப்பார்.

தம்பதி கவுன்சலிங்தான் மருந்து என்று நானே முடிவு கட்டி, போனில் பத்தரைக்கு நேரம் வாங்கினேன். போனால் டோக்கன். சரி, நம்ம ஊர்தானே. பதினொன்றரைக்கு அட்டெண்டர் வெளியே வந்தார். வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி, "புருசன் பெண்டாட்டி கேஸ், எட்டாம் நம்பர்!" என்றார். நாங்கள் எழுந்ததும், "உள்ள ஆள் இருக்கு, வாசல்ல நில்லுங்க" என்றார். இருபது நிமிஷம் நின்றோம். பெஞ்சில் அம்மாவுக்குத் தெரிந்த முகம் ஒன்று வேறு இருந்தது. பூமி பிளக்காதா என்பது போல அம்மா தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மெல்போர்னில் இப்படி ஒன்று நடந்தால் அன்றைக்கே புகார் எழுதியிருப்பேன். இங்கே யாரிடம் எழுத?

ஆனால் அடுத்து நடந்ததை என்னவென்று சொல்வது? அந்தத் தெரிந்த முகம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்து, "எங்க வீட்டுக்காரரும் துபாய்ல இருந்து வந்ததுல இருந்து இப்படித்தான்" என்று ஆரம்பித்தது. இன்னொரு அம்மா சவூதி. மூன்று பேரும் சிரித்தார்கள். என் அம்மா சிரித்துப் பார்த்து எத்தனை மாதம்! ஆஸ்திரேலியாவில் குழு சிகிச்சை என்றால் எட்டு, பத்துப் பேர், நடத்த ஒருவர், இங்கே பேசியது வெளியே போகாது என்று முதல் நாளே வாக்குறுதி. இந்தப் பெஞ்சில் அதெல்லாம் கிடையாது. நாங்கள் தக்கலை போய்ச் சேருவதற்குள் களியக்காவிளை சித்தி போன் பண்ணிவிட்டாள்.

உள்ளே இருந்த கவுன்சலர் கெட்டிக்காரி. என்னை வெளியே அனுப்பிவிட்டு, இருவரையும் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார். அடி, மிரட்டல் இருக்கிற வீட்டில் சேர்த்து உட்கார வைத்தால், உள்ளே வாய் திறந்ததற்கு வீட்டில் போய் வாங்க வேண்டிவரும். அதனால் முதல் கேள்வியே அதுதானாம். எங்கள் வீட்டில் அது இல்லை. அம்மாவுக்குத் தூக்கம் போய் ஒரு வருஷம் ஆகிறது என்பது எனக்கே அங்கேதான் தெரிந்தது. முதலில் அம்மா தனியாக நாலைந்து தடவை வரட்டும், சேர்ந்து உட்காருவது அப்புறம் என்றார். அப்பாவுக்கு, தன்னைப் போலத் திரும்பி வந்தவர்களோடு ஒரு குழு பொருந்தும்; ஆனால் யார் பார்த்துவிடுவார்களோ என்று இங்கே ஒருத்தரும் வருவதில்லையாம். அந்த வராந்தாவைப் பார்த்தால் எப்படி வருவார்கள்?

ஆஸ்திரேலிய அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரில், டாக்டர் மனநலச் சிகிச்சைத் திட்டம் எழுதிக் கொடுத்தால் வருஷத்துக்குத் தனியாக 10 அமர்வு, குழுவில் 10 அமர்வு வரை காசு திரும்பக் கிடைக்கும். தம்பதி கவுன்சலிங்குக்கு ஒரு சென்ட் கிடையாது. அந்தக் கணக்கில் பார்த்தால் நான் பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்ததுதான் அங்கே கைக்காசு போகிற ஐட்டம்.

வராந்தாவே வேண்டாம் என்பவர்களுக்கு 14416 இருக்கிறது. அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

கிளம்பும்போது அட்டெண்டரிடம் மெதுவாகச் சொன்னேன், நம்பரை மட்டும் கூப்பிடுங்கள் என்று. அடுத்த வியாழக்கிழமை அம்மா தனியாக பஸ் ஏறிப் போய் வந்தாள். நம்பரை மட்டும்தான் கூப்பிட்டாராம். "ஆனா மக்ளே, வடசேரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்."