10 பிட் யூனோவும் 12 பிட் போட்டியாளர்களும்: எந்த ஏடிசியை நம்பலாம்?

மைக்ரோகன்ட்ரோலர் வாங்கும்போது அதன் ஏடிசி (வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) பற்றி நம் கண்ணில் படுவது இரண்டே எண்கள்: எத்தனை பிட் (எவ்வளவு நுணுக்கமான படிகள்), விநாடிக்கு எத்தனை சாம்பிள் (எத்தனை முறை அளக்கும்). இரண்டுமே சரியான எண்கள்தான். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டும் கைக்கு வராது. வேகத்தைக் கூட்டினால் கடைசிப் பிட்டுகள் ஆட்டம் காணும். பிட்டுகளைக் காப்பாற்ற நினைத்தால் வேகம் இறங்கும். நான்கு பிரபல சிப்களை இந்தக் கண்ணோட்டத்தில் அலசலாம்.

ஆர்டுயினோ யூனோவில் (ஆர்4க்கு முந்தையவற்றில்) இருக்கும் ஏடிமெகா328பி, நால்வரில் மூத்தது. 10 பிட், அதாவது 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கும், ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். ஒரு மாற்றத்துக்கு 13 கிளாக் சுற்று வேண்டும். முழு 10 பிட்டும் வேண்டுமென்றால் ஏடிசி கிளாக் 50 முதல் 200 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும் என்கிறது டேட்டாஷீட் (தயாரிப்பாளரின் விவரக் குறிப்பு). அதனால்தான் ஆர்டுயினோ நூலகம் 16 மெகாஹெர்ட்ஸை 128ஆல் வகுத்து 125 கிலோஹெர்ட்ஸ் தருகிறது. ஒரு ரீடிங்குக்கு 104 மைக்ரோவிநாடி, விநாடிக்குச் சுமார் 9,600 சாம்பிள். 128ஐ 16 ஆக்கினால் 77,000 வரை போகலாம். 8 பிட் போதும் என்பவர்களுக்கு அது நல்ல பேரம்தான்.

யூனோவில் என்னை உறுத்துவது வேகம் இல்லை, ரெஃபரன்ஸ், அதாவது ஒப்பிட்டு அளக்கும் வோல்ட்டேஜ். இயல்பாக அது 5 வோல்ட் சப்ளையையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறது. யூஎஸ்பி கேபிளில் 100 மில்லிவோல்ட் விழுந்தால் அளவுகோலே 2 சதவீதம் சுருங்கிவிடும். மேல்முனைக்கு அருகில் அது 20 படி பிழை. இவ்வளவு பிழையை வைத்துக்கொண்டு 10 பிட்டா 12 பிட்டா என்று சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை. பொட்டென்ஷியோமீட்டரை (திருகி மாற்றும் மின்தடை) அதே 5 வோல்ட்டிலிருந்து இயக்கினால் மட்டும் இந்தப் பிழை தானாகவே ரத்தாகிவிடும், ஏனென்றால் அங்கே நாம் அளப்பது விகிதத்தைத்தான். பேட்டரி வோல்ட்டேஜுக்கு அந்தச் சலுகை கிடையாது.

அடுத்தது எஸ்டிஎம்32எஃப்103. 12 பிட், ஒரு மைக்ரோவிநாடி, அதாவது விநாடிக்கு 10 லட்சம் சாம்பிள். காகிதத்தில் யூனோவைப் போல நூறு மடங்கு. கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். ஏடிசி கிளாக் உச்சம் 14 மெகாஹெர்ட்ஸ். மாற்றத்துக்கு 12.5 சுற்று, அதற்கு முன் சாம்பிள் எடுக்க குறைந்தபட்சம் 1.5 சுற்று, மொத்தம் 14. கணக்கு சரியாக வருகிறது. அந்த 1.5 சுற்று என்பது சுமார் 0.11 மைக்ரோவிநாடி. அதற்குள் உள்ளே இருக்கும் 8 பைக்கோஃபாரட் கெப்பாசிட்டர் நம் சிக்னலின் வோல்ட்டேஜுக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும்.

இப்போது பேட்டரியை அளக்க இரண்டு 100 கிலோஓம் மின்தடைகளால் வோல்ட்டேஜைப் பாதியாக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் செய்வதுதான். ஏடிசி பார்க்கும் மின்தடை 50 கிலோஓம். உள் சுவிட்சின் 1 கிலோஓம் சேர்த்து 51. இதை 8 பைக்கோஃபாரட்டோடு பெருக்கினால் கால மாறிலி (கெப்பாசிட்டர் எவ்வளவு வேகமாக நிரம்பும் என்பதன் அளவு) சுமார் 0.41 மைக்ரோவிநாடி. 0.11 மைக்ரோவிநாடியில் கெப்பாசிட்டர் கால்வாசித் தூரம்கூடப் போயிருக்காது. மிச்சம் முக்கால்வாசி, முந்தைய சேனலில் (அதற்கு முன் அளந்த பின்னில்) இருந்த வோல்ட்டேஜின் எச்சம். ‘ஒரு பின்னைத் தொட்டால் பக்கத்துப் பின் மதிப்பு மாறுது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

12 பிட்டுக்கு ஏற்றபடி நிலைபெற இப்படிப்பட்ட கால மாறிலிகள் ஒன்பது, பத்து வேண்டும். கிட்டத்தட்ட 4 மைக்ரோவிநாடி. அதற்கான அமைப்பு 55.5 சுற்று. 12.5 சேர்த்தால் 68 சுற்று, விநாடிக்கு ஏறக்குறைய 2,06,000 சாம்பிள். 10 லட்சம் இப்படித்தான் ஐந்தில் ஒரு பங்காகிறது. இன்னொரு வழி, பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் போடுவது. 8 பைக்கோஃபாரட்டைப் போல 12,500 மடங்கு பெரியது என்பதால் ஒரு சாம்பிள் எடுத்தால் 12 பிட்டில் ஒரு படிகூட அசையாது. மெதுவாக மாறும் பேட்டரிக்கு இது பிரமாதம். வேகமாக மாறும் சிக்னலுக்கு உதவாது, அங்கே சிக்னலைக் குறைந்த மின்தடையோடு கடத்தித் தரும் ஆப்ஆம்ப் பஃபர்தான் கதி.

ராஸ்பெர்ரி பை பைக்கோவின் ஆர்பி2040 விநாடிக்கு 5 லட்சம் சாம்பிள் எடுக்கும், 12 பிட் என்று எழுதியிருக்கிறது. ஆனால் செயல்திறன் பிட் (இரைச்சலும் பிழையும் போக உண்மையில் பயன்படுவது) 8.7 என்று டேட்டாஷீட்டே ஒப்புக்கொள்கிறது! 512, 1536, 2560, 3584 ஆகிய மதிப்புகளில் படிகள் சீராக இல்லாமல் துருத்திக்கொண்டு நிற்கும்; ஆர்பி2040-ஈ11 என்ற பெயரில் பிழைப்பட்டியலிலேயே இருக்கிறது. சராசரி எடுத்தால் இரைச்சல் குறையும், இந்தத் துருத்தல் போகாது. போதாததற்கு பலகையிலுள்ள ஸ்விட்சிங் ரெகுலேட்டர் தன் பங்குக்கு ரிப்பிள் (சப்ளையில் சிறு ஏற்ற இறக்கம்) சேர்க்கும். ரெகுலேட்டரைக் கட்டுப்படுத்தும் ஜிபிஐஓ23 பின்னை ஹையாக வைத்தால் அது கணிசமாக அடங்கும். அடுத்த தலைமுறை ஆர்பி2350இல் அந்தத் துருத்தல்களை நீக்கிவிட்டார்கள்.

ஈஎஸ்பி32 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 12 பிட்டாம். 11 டெசிபல் அட்டென்யுவேஷனில் (உள்ளே வரும் வோல்ட்டேஜைக் குறைக்கும் அமைப்பு) நம்பத்தக்க எல்லை ஏறக்குறைய 150 முதல் 2,450 மில்லிவோல்ட் வரைதான். அதற்குக் கீழே பூஜ்யத்தில் ஒட்டிக்கொள்ளும், மேலே வளைந்துவிடும். உள் ரெஃபரன்ஸ் சிப்புக்குச் சிப் 1,000 முதல் 1,200 மில்லிவோல்ட் வரை மாறும் என்பதால் இஃப்யூஸில் (சிப்பிலேயே நிரந்தரமாகப் பதியும் நினைவகம்) பதிந்த கேலிபரேஷனைப் (பிழைதிருத்த மதிப்பு) பயன்படுத்தியே ஆக வேண்டும். வைஃபை ஓடும்போது ஏடிசி2 (அதன் இரண்டாவது ஏடிசி) பின்கள் கையை விரித்துவிடும். மண் ஈரப்பதம், வெளிச்சம் மாதிரி ‘கூடுதலா, குறைவா’ என்ற கேள்விக்குப் போதும். அளவீட்டுக்கு நான் தொடமாட்டேன்.

ஆக, மோட்டார் மின்னோட்டம் போல வேகம் முக்கியமான வேலை என்றால் எஸ்டிஎம்32தான், அதுவும் குறைந்த மின்தடை மூலத்தோடு. நிதானமான, நம்பத்தக்க ரீடிங் போதும் என்றால் நல்ல வெளி ரெஃபரன்ஸ் கொடுத்த யூனோ, பைக்கோவை விட எனக்கு நிம்மதி. ‘16 சாம்பிள் சேர்த்தால் இரண்டு பிட் கூடும்’ என்ற வழியும் யூனோவில் எடுபடும். ஆனால் சிக்னலில் குறைந்தது ஒரு படி அளவுக்காவது இரைச்சல் இருக்க வேண்டும், வேகமும் 16இல் ஒரு பங்காகிவிடும்.

இதற்கும் மேல் துல்லியம் கேட்பவர்கள் பெரும்பாலும் ஏடிஎஸ்1115 போன்ற வெளி ஏடிசிக்குப் போகிறார்கள். சப்ளையைச் சாராத சொந்த ரெஃபரன்ஸ் அதில் உண்டு, ±256 மில்லிவோல்ட் எல்லைவரை பெருக்கிக் காட்டும். அதன் 16 பிட்டில் ஒன்று பிளஸ்/மைனஸ் குறிக்கே போய்விடும் என்பதால் கிரவுண்டோடு ஒப்பிட்டு அளக்கும்போது கிடைப்பது 15தான். வேகமோ விநாடிக்கு அதிகபட்சம் 860 சாம்பிள். ஷன்ட்டில் (மின்னோட்டம் அளக்கும் சிறு மின்தடை) மெதுவாக மாறும் மின்னோட்டத்துக்கு அது தாராளம், மைக்கை இணைக்க நினைத்தால் ஒரு வார்த்தைகூடத் தேறாது.