ரீப்பரில் ஆறு வருடம்: எங்கே வெட்டுவது என்று தெரிந்த பிறகுதான் வேகம் வந்தது

ஒரு பாட்டை எடிட் செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால் 2020-ல் நான் சொன்ன பதில், "முழுசா ஒரு நாள்". ஏழெட்டு நிமிடக் கீர்த்தனை, நாலு டேக், அதாவது அதே பாட்டை நாலு தடவை பதிந்தது. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என்று ஆளுக்கொரு மைக் வைத்து, எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து கிளிக் (வேகம் மாறாமலிருக்க ஹெட்போனில் தட்டும் ஒலி) இல்லாமல் வாசித்தது. நாலிலிருந்தும் நல்ல இடங்களைப் பொறுக்கி ஒரே பாட்டாகக் கோக்க வேண்டும். இன்று அதே அளவு வேலை இரண்டு மணி நேரத்தில் முடிகிறது. மென்பொருள் அன்றும் ரீப்பர், இன்றும் ரீப்பர். லேப்டாப் மட்டும் ஒரு முறை மாறியது, அதனால் பெரிய வித்தியாசம் எதுவும் வந்துவிடவில்லை.

ரீப்பர் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: நம்மில் பலர் எம்பி3 கேட்ட விண்ஆம்ப்பை எழுதிய அதே ஜஸ்டின் ஃபிராங்கெல், பிறகு காக்கோஸ் என்ற சிறிய நிறுவனத்திலிருந்து கொண்டுவந்த ஆடியோ மென்பொருள் இது. 1.0 பதிப்பு 2006-ல் வந்தது. நான் 6-ஆம் பதிப்பு வந்த சமயத்தில் உள்ளே நுழைந்தேன்.

முதல் ஒரு வருடம் நான் செய்தது ஷார்ட்கட் சேகரிப்பு. கேள்விக்குறி விசையைத் தட்டினால் ஆக்‌ஷன் லிஸ்ட் திறக்கும், ஆயிரக்கணக்கில் கட்டளைகள் இருக்கும், எதற்கு வேண்டுமானாலும் நம் விருப்பப்படி ஒரு விசையை ஒதுக்கலாம். அது போதாதென்று எஸ்டபிள்யூஎஸ் என்ற இலவச இணைப்பு, ரீபேக் என்ற இணைப்பு வழியாக இறக்கிய ஸ்கிரிப்ட்கள் (மற்றவர்கள் எழுதிய குட்டி நிரல்கள்), சுவரில் ஒட்டிய அட்டவணை வேறு. விரல்கள் பறந்தன. வேலை மட்டும் அதே ஒரு நாள். ஏன் என்று உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது: போட்ட அஞ்சு வெட்டில் நாலை நான் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். வெட்டு, கேள், உறுத்துகிறது, அன்டூ, பத்து மில்லி விநாடி தள்ளி மறுபடி வெட்டு. விசையைத் தட்டும் அரை விநாடியை மிச்சம் பிடித்து, தவறான இடத்தில் வெட்டி அஞ்சு நிமிடத்தைத் தொலைத்திருக்கிறேன்.

சரி, எங்கே வெட்டுவது? எனக்குக் கைகொடுத்தது பள்ளிக்கூடத்தில் படித்த வல்லினம், மெல்லினம். ப, த, ட, க வாய்க்குள் முழுசாக அடைபட்டு வெடிக்கும் எழுத்துகள். வெடிப்பதற்கு முன்னால் ஒரு நொடித்துளி குரலே இருக்காது. அலைவடிவத்தில் பார்த்தால் சின்னப் பள்ளமாகத் தெரியும். அங்கே வெட்டினால் பாடியவருக்கே தெரியாது. சொல்லின் தொடக்கம் நல்ல இடம். அதைவிட நல்ல இடம் 'எட்டு', 'அப்பா', 'பக்கம்' போன்ற சொற்களில் நடுவில் வரும் இரட்டை. அந்த ட்ட, ப்ப, க்க அடைப்புக்குள் தாராளமாக இடம் உண்டு. ஏமாந்துவிடக் கூடாதது ஒற்றையாக நடுவில் வரும் வல்லினத்திடம்: 'மகன்' என்பதில் உள்ள க வெறும் காற்றாகத்தான் வருகிறது, 'தங்கம்' என்பதில் ங் குரலை இழுத்துக்கொண்டு வந்து க-வுக்குள் விட்டுவிடுகிறது, மௌனமே கிடையாது. ம, ன, ல, ர பக்கமே போவதில்லை. கார்வையில், அதாவது ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும்போது, நிற்கும் உயிரெழுத்தில் வெட்டுவது கடைசி வழி, வேறு கதியே இல்லாதபோது.

ஆனால் குரல் மட்டும் மறைந்தால் போதாது. ஒரே அறையில் வாசித்ததால் எல்லா மைக்கிலும் எல்லாமே கசிந்திருக்கும், ஆகவே நாலு டிராக்கையும் சேர்த்துத்தான் வெட்டியாக வேண்டும். இங்கே மிருதங்கம் உதவுகிறது. ஒரு அழுத்தமான அடிக்குச் சற்று முன்னால் வெட்டினால், அந்த அடியின் ஓசை ஒட்டிய இடத்தை மூடிவிடும். வல்லினமும் மிருதங்க அடியும் ஒன்றாக விழும் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். மிருதங்க டிராக்கின் ஐட்டத்தை (டிராக்கில் கிடக்கும் ஒலித் துண்டை ரீப்பர் அப்படித்தான் அழைக்கிறது) தேர்ந்தெடுத்துவிட்டு டேப் விசையைத் தட்டினால் கர்சர் அடுத்தடுத்த அடிக்குத் தாவும், இதற்கு உணர்திறனைக் கொஞ்சம் சரிபண்ண வேண்டியிருக்கும். பழைய நாளில் திரையைப் பெரிதாக்கி அலையைத் தேடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் இதில் போயே போச்சு. வெட்டும் இடத்தைச் சமமான காலக் கட்டங்களுக்கு இழுத்துவிடும் கிரிட் ஸ்னாப் எனக்குப் பகை, ஆல்ட் எஸ் தட்டி அணைத்துவிட்டுத்தான் உட்காருவேன். கிளிக்கோடு பதிந்த சினிமாப் பாட்டு கவர் என்றால் அது வேறு கதை.

அப்புறம் தாளம். இதை எந்த மென்பொருளும் சொல்லித்தராது. ஆதி தாளத்தில் ஒரு சங்கதியை (ஒரு வரியை மாற்றி மாற்றிப் பாடும் வடிவங்களில் ஒன்றை) எடுத்துவிட வேண்டும் என்றால் எட்டு எண்ணிக்கை முழுசாகப் போக வேண்டும், அல்லது பதினாறு. ஏழே முக்கால் போனால் ஒட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கேட்பவர் தொடையில் தட்டும் கை தடுமாறும். நான் இப்போதெல்லாம் வெட்டிய இடத்துக்கு ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) முன்னாலிருந்து ஓடவிட்டு, திரையைப் பார்க்காமல் கையில் தாளம் போட்டுக்கொண்டே கடந்து போவேன். கை தவறவில்லை என்றால் சரி. இரண்டு டேக்கை ஒட்டும்போது காலப்பிரமாணமும், அதாவது பாடும் வேகமும், பார்க்க வேண்டும், மூன்றாவது டேக் எப்போதும் கொஞ்சம் விரைந்திருக்கும். நடுவில் காபி குடிக்கப் போய்வந்திருந்தால் மிருதங்கத்தின் சுருதி இறங்கியிருக்கும், அந்த இரண்டு டேக்கையும் ஒட்டும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

தம்பூரா இன்னொரு தலைவலி. பின்னணியில் ஓயாமல் ஓடுகிற ஒலி என்பதால் எங்கே வெட்டினாலும் அதன் மீட்டல் துண்டாகும். இப்போது முடிந்தவரை தம்பூராவைப் பாடகரின் ஹெட்போனில் மட்டும் கொடுத்து, மிக்ஸிங்கில் தனியாகச் சேர்க்கிறேன். ஹெட்போன் போட்டால் பாட வராது என்பவர்கள் உண்டு, அவர்களுக்கு ஒலியைக் குறைத்து வைத்துக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

கிராஸ்ஃபேடு, அதாவது ஒட்டும் இடத்தில் முதல் துண்டு தேய்ந்து மறைய அடுத்தது மெல்ல எழுவது. இந்த விஷயத்தில் நான் மூன்று வருடம் தாமதமாகக் கற்றுக்கொண்டது ஒன்று. ஒட்டும் இரண்டு பக்கமும் வேறு வேறு டேக் என்றால் ஈக்வல் பவர் (நடுவில் ஆற்றல் குறையாத) வளைவு வேண்டும், நேர்க்கோட்டு வளைவு போட்டால் நடுவில் ஏறக்குறைய 3 டெசிபல் குழி விழும். இரண்டு பக்கமும் ஒரே ஒலி என்றால் தலைகீழ்: ஈக்வல் கெயின், அதாவது நேர்க்கோட்டு வகை வேண்டும், ஈக்வல் பவர் போட்டால் அதே 3 டெசிபல் மேடு. "ஏதோ உறுத்துகிறது" என்று நான் அன்டூ செய்த வெட்டுகளில் பாதி, வெட்டிய இடம் சரி, வளைவு தப்பு. நீளம், அடிக்கு முன்னால் என்றால் 5 முதல் 10 மில்லி விநாடி, கார்வையில் என்றால் 150, 200 வரை.

இதையெல்லாம் கற்றபின் சுவரில் இருந்த அட்டவணையைக் கிழித்துவிட்டேன். இப்போது நான் தினமும் தொடுவது பத்துப் பன்னிரண்டு விசைகள்தான், அவையும் பெரும்பாலும் இடது கைக்குள். எஸ் வெட்டுவதற்கு, எம் மார்க்கருக்கு (ஒரு இடத்தை அடையாளம் வைக்கும் குறி), ஜி ஐட்டங்களைக் குழுவாக்க, டேப். இவற்றோடு நானே கோத்த ஒரு கஸ்டம் ஆக்‌ஷன்: அடுத்த அடிக்குப் போ, சில மில்லி விநாடி பின்னால் வா, வெட்டு. மூன்றும் ஒரே தட்டில். வெட்டுவதற்கு முன் முழுப் பாட்டையும் ஒரு தடவை கேட்டு மார்க்கர் மட்டும் போட்டுக்கொள்கிறேன். இரண்டாம் தடவை கேட்க வேண்டும் என்றால் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் 1.25 ஆக்கிவிடுவேன், அந்த வசதி பிளேரேட் என்ற வேகக் கட்டுப்பாட்டிலேயே இருக்கிறது.

என் கையால் நடந்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ரிப்பிள் எடிட்டிங் என்றால், நடுவில் ஒரு துண்டை எடுத்ததும் பின்னால் இருப்பதெல்லாம் தானாக முன்னே நகர்ந்து இடைவெளியை மூடும். எல்லா டிராக்குக்கும் சேர்த்தும் வைக்கலாம், தனி டிராக்குக்கு மட்டும் வைக்கலாம். ஒரு நாள் இரவு தனி டிராக் நிலையில் விட்டிருந்ததைக் கவனிக்காமல் பாடகரின் இருமல் ஒன்றை நீக்கினேன். அதற்குப் பிறகு குரல் மட்டும் அரை விநாடிக்கு மேல் முன்னால் போய்விட்டது. நான் அந்த இடத்தைத் தாண்டிக் கேட்கவே இல்லை, அப்படியே அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை வயலின் வாசித்தவர் அழைத்து, "சார், நான் இவ்வளவு மெதுவாவா பின்தொடர்ந்தேன்?" என்றார். அன்டூ வரலாற்றைப் புராஜெக்டோடு சேமிக்கும் அமைப்பை எப்போதோ இயக்கி வைத்திருந்ததால் தப்பித்தேன். பட்டியலைத் திறந்து இருமல் வரைக்கும் பின்னால் போய், அங்கிருந்து மறுபடி செய்தேன். இப்போது ரிப்பிளைத் தேவைப்படும்போது மட்டும் இயக்கி உடனே அணைக்கிறேன், நாலு டிராக்கும் குழுவாகியிருக்கிறதா என்று பார்க்காமல் எஸ் விசையைத் தொடுவதில்லை.

புதிய வசதிகளில் உண்மையிலேயே நேரம் மிச்சம் பிடித்தது 2023 அக்டோபரில் வந்த 7-ஆம் பதிப்பின் லேன் முறை. இசை முன்பே தயாராகி, குரல் மட்டும் பல டேக் எடுக்கும் பக்திப் பாடல்களுக்கு அற்புதம். டேக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், பிடித்த வரிமேல் மவுஸை இழுத்தால் அது மேலே போய்ச் சேர்ந்துகொள்ளும். மார்கழிக்கு முன்னால் வேலை குவியும்போது இதன் அருமை தெரியும். ரேசர் எடிட்டும் பிடிக்கும், ஆல்ட் பிடித்து வலது பொத்தானால் இழுத்தால் ஐட்டத்தை வெட்டாமலே நடுவில் ஒரு பகுதியைக் கையாளலாம். கச்சேரிப் பதிவு என்றால் ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு ரீஜன் (தொடக்கமும் முடிவும் குறித்த பகுதி) போட்டுப் பெயர் வைத்துவிடுவேன், ரெண்டர், அதாவது இறுதி ஒலிக்கோப்பை உருவாக்கும் கட்டளை, கொடுத்தால் அந்தப் பெயரிலேயே தனித்தனிக் கோப்புகளாக வெளியே வரும். ஒன்பது உருப்படிக்கும் ஒரே ரெண்டர்.

யாருக்குச் சரிவராது? வாங்கியவுடன் உள்ளேயே வாத்தியங்களும் லூப்களும் வேண்டும் என்பவர்களுக்கு. இதில் அப்படி ஏதும் பெரிதாகக் கிடையாது, வேறிடத்தில் தேட வேண்டும். தோற்றமும் முதல் நாள் அலுவலக மென்பொருள் போலத்தான் இருக்கும். 60 நாள் முழு வசதியோடு இலவசமாகப் பார்க்கலாம், பிறகு தனிநபருக்கும் சிறிய ஸ்டுடியோவுக்கும் 60 டாலர், பெரிய வருமானம் உள்ளவர்களுக்கு 225. நான் 6-ல் கட்டிய பணத்துக்கு 7 முழுவதும் கிடைத்துவிட்டது. 8 வந்தால் இன்னொரு 60 டாலர் கட்ட வேண்டும், கட்டுவேன்.