டாலெக் கம்மி, டாவ்ராஸ் ஜாஸ்தி: ஜெனிசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ் மறுபடி பாத்தாச்சு

டாக்டர் ஹூங்கற பிரிட்டிஷ் சயின்ஸ் ஃபிக்‌ஷன் டிவி சீரிஸோட ரசிகர்கள் நாலு பேர் சேந்தா எந்தக் கதை பெஸ்ட்னு கண்டிப்பா ஒரு சண்டை வரும், அதுல ஜெனிசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ் பேர் வராம இருக்கவே இருக்காது. 1975 மார்ச் 8ல ஆரம்பிச்சு ஏப்ரல் 12 வரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமையா பிபிசில ஓடின ஆறு எபிசோடு, டாம் பேக்கர் டாக்டரா வந்த முதல் சீசன். 1998ல டாக்டர் ஹூ மேகசின் வாசகர்கள் ஓட்டு போட்டப்ப இதுக்குத்தான் முதல் இடம், 2009லயும் 2014லயும் மூணாவது. புது சீரிஸ் வந்து கொள்ளை பட்ஜெட்ல எபிசோடு எடுத்ததுக்கு அப்புறமும் இது அங்கயே நிக்குது. நிக்கட்டும், நிக்க வேண்டிய கதைதான், ஆனா எதுக்காக நிக்குதுன்னு எல்லாரும் சொல்ற காரணம் இருக்கே, அதுல தான் எனக்கு ஒத்துவரல.

கதை சுருக்கமா (ஸ்பாய்லர் இருக்கு, இவ்ளோ பழைய கதைக்கு ஸ்பாய்லர்னு சொல்றதே காமெடிதான்). காலத்துல பயணம் பண்ற டாக்டர், அவர்கூட வர்ற சாரா, ஹாரி மூணு பேரையும் டைம் லார்டுங்க (டாக்டரோட சொந்த இனம்) வழிமறிச்சு ஸ்காரோ கிரகத்துல இறக்கி விட்டுடறாங்க. வேலை என்னன்னா டாலெக்குகள் (மிஷின் கூட்டுக்குள்ள இருந்துட்டு மத்த உயிரையெல்லாம் அழிக்கப் பாக்கற வில்லன் இனம்) உருவாகறதையே தடுக்கணும், முடியலன்னா கொஞ்சம் சாதுவா வளர்ற மாதிரி மாத்தி விடணும், அதுவும் முடியலன்னா அதுங்களோட பலவீனம் என்னன்னாவது தெரிஞ்சுட்டு வரணும். அங்க கேலெட், தால்னு ரெண்டு இனம் ஆயிரம் வருஷமா அடிச்சுட்டு இருக்காங்க. கேலெட் பக்கத்து பெரிய விஞ்ஞானிதான் டாவ்ராஸ், பாதி உடம்பு போயி டாலெக்கோட அடிப்பாகம் மாதிரி ஒரு சக்கர நாற்காலில உக்காந்திருக்கான், ஒரு கை மட்டும்தான் வேலை செய்யுது, நெத்தில ஒரு நீலக் கண்ணு.

ஆரம்பமே அடிச்சு தூக்குது. புகை, கேஸ் மாஸ்க் போட்ட சிப்பாய்ங்க வர்றாங்க, மெஷின் கன் சத்தம், ஸ்லோ மோஷன்ல அப்படியே சரியறாங்க. குழந்தைங்க டீ டைம்ல பாக்கற ஷோ இது! டிவில வர்ற வன்முறைக்கு எதிரா பிரச்சாரம் பண்ணின மேரி வைட்ஹவுஸ் அப்பவே இந்தக் கதையோட வன்முறையைப் பத்தி புகார் சொன்னாங்க, இன்னிக்கு பாத்தாலும் அந்தம்மா சொன்னது சும்மா இல்லன்னுதான் தோணுது, ஆனா அந்த கடுமை இல்லன்னா இந்தக் கதையே இல்ல. ஆயுதம், யூனிஃபார்ம் எல்லாம் ஒவ்வொண்ணு ஒவ்வொரு காலத்து சரக்கா கலந்து கட்டி இருக்கும், சண்டை போட்டுப் போட்டு எல்லாம் தீந்து போயி கையில கிடைச்சதை எடுத்துட்டு நிக்கறாங்கன்னு ஒரு வசனமும் இல்லாமலே முக்கால்வாசி புரிஞ்சுடும். டைரக்டர் டேவிட் மலோனிக்கு இதுக்கே ஒரு சல்யூட்.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஜெனிசிஸ்னாலே எல்லாரும் உடனே சொல்றது அந்த ரெண்டு வயர் சீன். டாலெக் குஞ்சுங்க இருக்கற ரூம்ல வெடிகுண்டு வெச்சாச்சு, ரெண்டு வயரையும் சேத்தா ஒரு இனமே காலி, டாக்டர் கைல வயரை வெச்சுட்டு எனக்கு இதுக்கு உரிமை இருக்கான்னு கேக்கறார். பேக்கர் நடிப்பு சூப்பர், வழக்கமான சிரிப்பு, கேலி எதுவுமே கிடையாது, முகத்துல நெஜமாவே வேதனை தெரியும். ஆனா அடுத்து என்ன ஆகுதுன்னு பாருங்க. அவர் முடிவு எடுக்கறதுக்குள்ள டாவ்ராஸை எதிர்க்கற கேலெட் விஞ்ஞானி கார்மன் ஓடி வந்து டாவ்ராஸ் ஒத்துக்கிட்டான், எல்லாம் சரியாயிடுச்சுங்கறான், டாக்டரும் அப்பாடான்னு வயரை விட்டுடறார். அப்புறம் நிலைமை மாறினதும் திரும்பி வந்து அதே குண்டை வெடிக்க வெக்கப் பாக்கறார், கடைசில ஒரு டாலெக்கே வயர் மேல ஏறி கனெக்‌ஷன் குடுத்துடுது. அவ்ளோ பெரிய கேள்வியைக் கேட்டுட்டு ஸ்கிரிப்ட் நைசா பின்வாசல் வழியா ஓடிப்போச்சு. டாக்டர் தயங்கினதுதான் சரின்னு ஒரு குரூப், அந்த ஒரு நிமிஷ தயக்கத்தால எத்தனை கோடி உயிர் போச்சுன்னு இன்னொரு குரூப், வருஷக்கணக்கா இந்த சண்டை ஓயல, ஆனா கதை தானே எந்தப் பக்கமும் நிக்காம நழுவினதை ரெண்டு குரூப்பும் கண்டுக்கறதே இல்ல.

என்னைக் கேட்டா இந்தக் கதையோட உச்சம் அஞ்சாவது எபிசோடுல இருக்கு. டாக்டரும் டாவ்ராஸும் ரெண்டே பேர், ஒரு ரூம். டாக்டர் கேக்கறார், மத்த எல்லா உயிரையும் அழிக்கற ஒரு வைரஸை நீ லேப்ல உருவாக்கிட்டா அதை வெளிய விடுவியான்னு. டாவ்ராஸ் முதல்ல ஒரு விஞ்ஞானி மாதிரி, நல்ல கேள்வியாச்சேன்னு ரசிச்சு யோசிக்கறான். அப்புறம் அந்த ஒத்தைக் கை மெதுவா மேல வருது, இல்லாத ஒரு கண்ணாடிக் குப்பியை விரலுக்கு நடுவுல பிடிக்கற மாதிரி, கட்டை விரல் லேசா அழுத்தினா போதும் எல்லாம் முடிஞ்சிடும்னு சொல்லும்போது குரல் கொஞ்சம் கொஞ்சமா ஏறி, செய்வேன்னு கத்தறான் பாருங்க, முகம் முழுக்க ரப்பர் மாஸ்க், கண்ணு கூட தெரியாது, வெறும் குரலும் அஞ்சு விரலும். டாவ்ராஸா நடிச்ச மைக்கேல் விஷர் ரிகர்சல்ல தலையில பேப்பர் பையை மாட்டிட்டு நடிச்சாராம், முகம் இல்லாம குரல்லயும் கையிலயும் எப்படி நடிக்கறதுன்னு பழகிக்க. அந்த உழைப்பு இந்த ஒரு சீன்ல முழுசா தெரியுது. அப்புறம் வந்த டாவ்ராஸுங்கள்ல 2008ல வந்த ஜூலியன் ப்ளீச் மட்டும்தான் இதுக்குப் பக்கத்துல வர்றார், மத்தவங்க கத்தல்தான் ஜாஸ்தி.

வயர் சீன்ல டாக்டர் தனக்குத்தானே கேக்கற கேள்வியோட இன்னொரு பாதிதான் இது. டாவ்ராஸுக்கு அந்த பவர் கைல கிடைச்சா கண்ணை மூடிட்டு அழுத்திடுவான், டாக்டருக்கு நெஜமாவே கிடைக்குது, கை நடுங்குது. ரெண்டையும் சேத்துப் பாத்தாதான் வயர் சீனுக்கே அர்த்தம் வருது, ஆனா துண்டு வீடியோவா சுத்தறது என்னவோ வயர் சீன் மட்டும்தான்.

அப்புறம் நைடர். பீட்டர் மைல்ஸ். கண்ணாடி போட்டுட்டு, சத்தமே போடாம, அளந்து அளந்து பேசற அந்த செக்யூரிட்டி ஆபிசரைப் பாத்தா டாலெக்கை விட இவன்கிட்டதான் பயம் வருது. கார்மன்கிட்ட நானும் டாவ்ராஸுக்கு எதிரிதான்னு நடிச்சு, யார் யார் கூட இருக்காங்கன்னு விஷயத்தை கறந்துட்டு, தேங்க்ஸ் அதான் எனக்கு வேணும்னு ரொம்ப சாதாரணமா சொல்வான், இருட்டுல இருந்து டாவ்ராஸ் வெளிய வருவான். நாஜி சாயல் யாருக்கும் புரியாம போயிடக்கூடாதுன்னு முதல்ல நைடர் கழுத்துல ஒரு அயர்ன் கிராஸ் கூட மாட்டி விட்டிருந்தாங்க, பாதில கழட்டிட்டாங்க, நல்ல வேளை, அது இல்லாமலே எல்லாம் புரியுது.

கவனிச்சீங்களா, இவ்ளோ நேரம் டாலெக்கைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. ஏன்னா கதையிலயே அதுங்க அப்பப்ப தலை காட்டறதோட சரி. கதை எழுதின டெர்ரி நேஷன் முதல்ல கொண்டு வந்தது அவரோட பழைய டாலெக் கதைங்க மாதிரியே இருந்ததாம், அப்ப தயாரிப்பாளரா இருந்த பேரி லெட்ஸும் ஸ்கிரிப்ட் எடிட்டர் டெரன்ஸ் டிக்ஸும்தான் டாலெக் எப்படி உருவாச்சுன்னு எழுதுங்களேன்னு திருப்பி விட்டாங்க. அந்த ஒரு ஐடியாதான் எல்லாத்தையும் காப்பாத்துச்சு. கேலெட் பங்கருக்குள்ள யார் யாரைக் கவுக்கறாங்க, யார் ஓட்டு யாருக்கு, தன் ப்ராஜெக்டை நிறுத்திடுவாங்களோன்னு டாவ்ராஸ் தன் சொந்த ஊரையே எதிரி ராக்கெட்டுக்கு காவு குடுக்கறது, இந்த அரசியல்தான் கதை. 1963ல வந்த முதல் டாலெக் கதையில இந்த இனத்துக்கு டால்னு பேர், இங்க கேலெட்னு மாறிடுச்சு, அதைப் பிடிச்சுட்டு தொங்கறவங்க இன்னும் இருக்காங்க, எனக்கு அதுல பெருசா வருத்தம் இல்ல.

குறையே இல்லையான்னா நிறைய இருக்கு. ஆறு எபிசோடு ஓவர், நாலுக்கான சரக்குதான். சாரா, ஹாரி, டாக்டர் பிடிபடறாங்க, தப்பிக்கறாங்க, திரும்பப் பிடிபடறாங்க, பங்கருக்கும் தால் நகரத்துக்கும் குகைக்கும் நடந்து நடந்து நமக்கே கால் வலிக்குது. ரெண்டாவது எபிசோடு கடைசில சாரா ராக்கெட் சாரத்துல இருந்து கீழ விழறா, படம் அப்படியே உறையுது, அடுத்த வாரம் பாத்தா கொஞ்சம் கீழ ஒரு பலகையில பத்திரமா கிடக்கா. ஏமாத்து வேலை. அந்த ராட்சச சிப்பி ஹாரி காலைக் கவ்வறது இருக்கே, அதைத் தீவிர ரசிகர்களாலயே காப்பாத்த முடியல, நானும் முயற்சி பண்ணப் போறதில்ல. ஹாரி பாவம், ஆரம்பத்துல டாக்டர் கண்ணிவெடி மேல கால் வெச்சப்ப கல்லு வெச்சு காப்பாத்தினதே அவர்தான், அப்புறம் சிப்பிக்கு இரையா ஆக்கிட்டாங்க.

கடைசி பத்து நிமிஷம் ஆனா எல்லாத்தையும் ஈடு கட்டிடுது. டாலெக்குங்க டாவ்ராஸோட ஆளுங்களையே சுட்டுத் தள்ளுது, நைடர் போறான், டாவ்ராஸ் கெஞ்சறான், இரக்கம்னா என்னன்னே எங்களுக்குத் தெரியாதுங்குது அவன் பெத்த மிஷின். ஒரே ஒத்தைக் கையை ஸ்விட்ச் பக்கம் கொண்டு போறான், முடிஞ்சுது. டாக்டர் பாடுபட்டதுக்கெல்லாம் பலன் டாலெக்குங்க ஒரு ஆயிரம் வருஷம் லேட் ஆச்சு, அவ்ளோதான். முதல் தடவை பாக்கறவங்களுக்கு இது சப்புனு இருக்கும்.

புது சீரிஸ்ல இருந்து வர்றவங்களுக்கு இதுல இன்னொரு சுவாரஸ்யம் இருக்கு. டைம் லார்டுங்களுக்கும் டாலெக்குங்களுக்கும் நடந்ததா புது சீரிஸ் சொல்ற டைம் வார் உண்மையா எங்க ஆரம்பிச்சதுன்னா இங்கதான், டைம் லார்டுங்க முதல்ல கை வெச்சதே இந்தக் கதையிலதான்னு புது சீரிஸை ஆரம்பிச்சு வெச்ச ரஸ்ஸல் டி டேவிஸே முடிச்சு போட்டிருக்கார். 2015 சீசன் ஓபனிங்ல சின்னப் பையன் டாவ்ராஸைக் காட்டி, பேக்கர் வயரோட நிக்கற பழைய க்ளிப்பையே ஓட விட்டாங்க. அதைப் பாத்துட்டு இங்க வர்றவங்க கொடுத்து வெச்சவங்க, ஏன்னா கேள்வி ஏற்கனவே மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கும்.

எப்படி பாக்கறது? ஒரே உக்காரல்ல ஆறையும் முடிக்கணும்னு பாக்காதீங்க, மூணாவதுலயே தூக்கம் வந்துடும். ஒரு நாளைக்கு ஒண்ணு, கூடிப்போனா ரெண்டு. 1975 டிசம்பர்லயே பிபிசி இதை ஒரே படமா ஒட்டி 85 நிமிஷத்துக்கு சுருக்கி மறுபடி போட்டாங்க, நடையெல்லாம் போயிடுச்சுன்னு அதைப் புகழறவங்க உண்டு, ஆனா முதல் தடவைக்கு அது வேணாம், பங்கர் அரசியல் மெதுவா இறுகறது அதுல கிடைக்காது. 2018ல வந்த சீசன் 12 ப்ளூரே செட்ல படம் சுத்தமா இருக்கு, ஸ்டுடியோ சுவர் ஆடறதும் கூடவே சுத்தமா தெரியும், அதைப் பொருட்படுத்தாதீங்க. அஞ்சாவது எபிசோடு மட்டும் ராத்திரி லைட்டை அணைச்சுட்டு, ஹெட்ஃபோன் மாட்டிட்டுப் பாருங்க.