இன்டர்லாக்கனா, இன்ஸ்புருக்கா, பெர்ஷ்டெஸ்காடனா? நாற்பது பிள்ளைகளோடு ஆல்ப்ஸ்

ஜெர்மன் படிக்கும் பிள்ளைகளை ஐந்து நாள் ஆல்ப்ஸ் பக்கம் கூட்டிப்போகிறோம் என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னால், அடுத்த நொடி வரும் கேள்வி, "சுவிட்சர்லாந்துதானே மிஸ்?" நான் லண்டனில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஜெர்மன் பாடத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெண் பிள்ளைகளுக்குத் துணையாக ஒரு ஆசிரியை வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். அப்படியே மூன்று பயணம் ஆகிவிட்டது: ஒரு முறை சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன், ஒரு முறை ஆஸ்திரியாவில் இன்ஸ்புருக், ஒரு முறை ஜெர்மனியின் பவேரியாவில் பெர்ஷ்டெஸ்காடன்.

மூன்றிலும் மலை இருக்கிறது, ஏரியோ ஆறோ இருக்கிறது, மணி கட்டிய மாடும் இருக்கிறது. படத்தைப் பார்த்து முடிவெடுத்தால் சீட்டுக் குலுக்கிப் போடுவதுதான். நான் வேறு மூன்று விஷயம் பார்ப்பேன். பிள்ளை வாயைத் திறந்து ஜெர்மனில் பேசினால் என்ன பதில் வருகிறது? தட்டில் என்ன விழுகிறது? காலையில் எழுந்து பார்க்கும்போது மலையை மேகம் மூடியிருந்தால், அன்றைய திட்டத்தைப் பெரிய நஷ்டமில்லாமல் மாற்ற முடிகிறதா?

அழகில் சுவிட்சர்லாந்தை அடிக்க முடியாது, அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். துன் ஏரிக்கும் பிரியன்ஸ் ஏரிக்கும் நடுவில் இன்டர்லாக்கன். அங்கிருந்து கொஞ்ச நேர ரயிலில் லாவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு. ஏறக்குறைய 300 மீட்டர் உயரப் பாறையிலிருந்து ஷ்டவுப்பாக் அருவி கீழே வந்து சேரும்போது பாதி தூளாகிவிடுகிறது. அருவியைப் பார்க்கக் காசு கிடையாது. காசு, யுங்ஃப்ராவ்யோக் போகும்போது. 1896இல் தோண்டத் தொடங்கி 1912இல் திறந்த ரயில்பாதை, ஐகர் மலையின் வயிற்றுக்குள் புகுந்து 3,454 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடுகிறது. ஐரோப்பாவிலேயே மிக உயரமான ரயில் நிலையம் அதுதான். இன்டர்லாக்கனிலிருந்து பெரியவர்களுக்கான முழுக் கட்டணம் 200 பிராங்குக்கு மேல். பிள்ளைகளுக்கும் குழுவுக்கும் சலுகை உண்டு. அதைக் கழித்த பிறகும் வயிறு எரியும்.

நாங்கள் போன அன்று மேலே வெள்ளைச் சுவர்தான். பனியா மேகமா என்று பிரித்தறிய முடியவில்லை. ஒரு பையன் தலை சுற்றுகிறது என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த உயரத்தில் அது சகஜம். மற்றவர்கள் பத்து நிமிடம் வெளியே நின்றார்கள், அரை மணி நேரம் சாக்லேட் கடை வரிசையில் நின்றார்கள். இறங்கி வரும்போது வழியிலுள்ள வெங்கன் கிராமத்தில் நல்ல வெயில்.

மொழி விஷயம் இன்னும் சிக்கல். ஜெர்மன் டீச்சர் ஒரு பருவம் முழுக்கப் பாடுபட்டு, 'பி' மாதிரி வால் விட்ட அந்த ஒற்றை 'ஸ்' எழுத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தார். இன்டர்லாக்கனில் இறங்கியதும் ஒருத்தி தெருப்பலகையைக் காட்டி, "மிஸ், ஷ்ட்ராஸே என்பதைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள்" என்றாள். சுவிட்சர்லாந்தில் அந்த எழுத்தே புழக்கத்தில் இல்லை, இரண்டு 'எஸ்' போட்டுவிடுவார்கள். பேச்சு அதைவிட மோசம். வணக்கம் சொல்ல "கூட்டன் டாக்" என்று பயிற்சி எடுத்துக்கொண்டு போன பிள்ளைக்குக் கடைக்காரர் அந்த ஊர் வழக்கில் "க்ரூயெஸ்ஸெக்" என்று பதில் சொல்வார். பிள்ளை முழித்ததும் அவர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். பாடப்புத்தகத் தமிழை மட்டும் படித்த பிள்ளையை நாகர்கோவில் சந்தையில் இறக்கிவிட்டது போலத்தான். அறிவிப்பு, பலகை, செய்தித்தாள் எல்லாம் சுத்தமான ஜெர்மன்; ஆனால் வாயில் வருவது வேறு.

அப்புறம் ஒரு சின்ன எச்சரிக்கை. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஐரோப்பிய ரோமிங் என்று விற்கும் சிம் திட்டங்கள் சிலவற்றில் அது சேராது. வீடியோ பார்த்துக்கொண்டே தூங்கிப்போன பிள்ளைகளின் அப்பாக்கள் பிறகு எனக்குத்தான் போன் செய்தார்கள்.

ஆனால் அங்கே ஒரு நல்லது நடந்தது. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் நான் ஒரு பிள்ளையிடம் தமிழில் ஏதோ சொன்னது கேட்டு, அடுக்களையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "அக்கா, பிள்ளையளில மரக்கறி எத்தனை பேர்?" யாழ்ப்பாணத்துக்காரர். 83 கலவரத்துக்குப் பிறகு சுவிஸ் வந்த எத்தனையோ பேர் முதலில் கால் ஊன்றியது உணவக, ஹோட்டல் அடுக்களைகளில்தான். அன்று இரவு ஒன்பது பிள்ளைகளுக்குப் பட்டியலில் இல்லாத பருப்பும் சோறும் வந்தது. சுவிட்சர்லாந்தின் மதிப்பெண்ணில் இதைச் சேர்ப்பது நியாயமில்லைதான், ஆனாலும் சேர்த்துக்கொண்டேன்.

இன்ஸ்புருக் வேறு ரகம். அது மலையடிவாரக் கிராமமல்ல, மலை வீட்டுக் கொல்லைக்கு வந்துவிட்ட நகரம். மியூனிக்கில் இறங்கினால் அங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். நகர நடுவிலேயே நோர்ட்கெட்டே மலைக்குப் போகும் ரயில் நிற்கிறது; 2007இல் திறந்த அதன் நிலையங்கள் ஸஹா ஹதீத் வடிவமைத்தவை, உருகிய பனிக்கட்டி போல இருக்கும். அப்புறம் கேபிள் காரில் மாறி மாறி ஏறினால் அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 2,300 மீட்டர். உயரம் யுங்ஃப்ராவ்யோக்கைவிடக் குறைவுதான். ஆனால் காலை எட்டு மணிக்கு ஜன்னலைத் திறந்து மலையைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். மேகமா? சரி, இன்று ஹால் ஊருக்குப் போவோம், மலை நாளைக்கு. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டிருப்பவருக்கு இந்தச் சுதந்திரம் ஆயிரம் மீட்டர் உயரத்தைவிடப் பெரிது.

ஹால் பக்கத்து ஊர்தான். 1486இல் அங்கே அடித்த பெரிய வெள்ளி நாணயத்தின் வழிவந்ததுதான் தாலர். தாலர் என்ற பெயரிலிருந்து வந்ததுதான் டாலர். பழைய நாணயச் சாலையில் பிள்ளைகளே ஒரு காசு அடித்துக்கொள்ளலாம். இன்ஸ்புருக்கிலேயே பேர்கீசல் பனிச்சறுக்குத் தாவுமேடை இருக்கிறது. 1964, 1976 என்று இரண்டு குளிர்கால ஒலிம்பிக் பார்த்த ஊர். மேடை உச்சியில் நின்றால் நேர் எதிரே கீழே தெரிவது கல்லறைத் தோட்டம். பையன்கள் அன்று முழுக்க அதையே பேசினார்கள்.

தங்கக் கூரை என்று ஒரு மாடம். 1500 வாக்கில் பேரரசர் மாக்ஸிமிலியனுக்காகக் கட்டியது. மேலே தங்கமுலாம் பூசிய 2,657 செப்புத் தகடுகள். வழிகாட்டி எண்ணைச் சொன்னதும் நான், "இது பகா எண்ணா, பாருங்கள்" என்றேன். எல்லோரும் முனகினார்கள். மூன்று பேர் மட்டும் மாலை வரை வகுத்துக்கொண்டிருந்தார்கள். பகா எண்தான்.

இன்ஸ்புருக் இருக்கும் டிரோல் மாநிலத்தின் வட்டார வழக்கும் கரடுமுரடுதான், 'க' எழுத்தைத் தொண்டையிலிருந்து இழுப்பார்கள். ஆனால் பிள்ளை தட்டுத்தடுமாறி ஜெர்மனில் கேட்டால், பெரும்பாலும் மெதுவாக ஜெர்மனிலேயே பதில் வந்தது. ரொட்டிக் கடையில் ஒரு பெண், எங்கள் பையன் வாக்கியத்தை முடிக்கும் வரை இடுக்கியைக் கையில் பிடித்தபடி நின்றார். அவன் பதினொரு வார்த்தை சொன்னான். வெளியே வந்து என்னிடம் எண்ணிக் காட்டினான்.

சாப்பாட்டில் மட்டும் கண் கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும். ஃப்ரிட்டாட்டன் சூப் என்று, தோசையை நூலாக நறுக்கிப் போட்டது போல அப்பாவியாக வரும். அடியில் இருப்பது மாட்டிறைச்சிச் சாறு. க்னோடல் உருண்டையிலும் பன்றி இறைச்சி ஒளிந்திருக்கும், சீஸ் உருண்டை என்று கேட்டு வாங்க வேண்டும். காய்சர்ஷ்மார்ன் இருந்தால் கவலை இல்லை: முட்டையும் மாவும் சேர்த்துத் தடிமனாகச் சுட்டு, பிய்த்துப் போட்டு, மேலே சர்க்கரை தூவி, பிளம்ஸ் பழக் கூட்டோடு தருவார்கள். அதை மதியச் சாப்பாடாகவே சாப்பிடலாம் என்று சட்டம் இருப்பது தெரிந்ததும் பிள்ளைகளுக்கு ஆஸ்திரியா மேல் காதலே வந்துவிட்டது.

இன்னொரு லாபம், பிரென்னர் கணவாய் தாண்டி இரண்டு மணி நேரத்தில் போட்ஸன். அது இத்தாலி, ஆனால் முதல் உலகப் போர் வரை ஆஸ்திரியாவோடு இருந்த தென் டிரோல். அந்த மாகாணத்தில் பெரும்பான்மை பேசுவது ஜெர்மன். பலகைகள் இரண்டு மொழியில். அங்கேதான் ஓட்ஸி இருக்கிறான், 1991இல் பனியாற்றில் கிடைத்த, 5,000 ஆண்டுகளுக்கு மேல் பழைய மனிதன். மைனஸ் ஆறு டிகிரி அறைக்குள் அவன். ஒரு சின்ன ஜன்னல் வழியே ஒவ்வொருவராக எட்டிப் பார்க்க வேண்டும். வரிசையில் கத்திக்கொண்டிருந்தவர்கள் ஜன்னலருகே போனதும் வாயை மூடிக்கொண்டார்கள். நாடு தாண்டுகிறோம் என்பதே மறந்து நான் பாஸ்போர்ட் கட்டை விடுதிப் பெட்டகத்தில் விட்டு வந்ததையும், அதை எடுத்து வருவதற்குள் முதல் ரயில் போய்விட்டதையும் இங்கே சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.

பெர்ஷ்டெஸ்காடன் மூன்றிலும் அமைதியானது, செலவும் எங்களுக்கு அங்கேதான் குறைந்தது. பவேரியா டிக்கெட் என்று ஒரு நாள் சீட்டு, ஐந்து பேர் வரை ஒன்றில் போகலாம். நாற்பது பிள்ளைகள், ஐந்து பெரியவர்கள், ஒன்பது சீட்டு. கணக்கு டீச்சருக்குக் கண்ணில் தண்ணீர். வார நாளில் ஒன்பது மணிக்குப் பிறகுதான் செல்லும் என்பதால் ஏழு மணிக்கே சாப்பிட்டு முடித்த கூட்டத்தைக் கட்டி மேய்க்க வேண்டும். கோனிக்ஸே ஏரியில் 1909 முதல் மின்சாரப் படகுகள்தான், சத்தமே இல்லை. நடு ஏரியில் படகை நிறுத்தி ஒருவர் எக்காளம் ஊதுவார், பாறைச் சுவர் திருப்பி ஊதும். 1517 முதல் இயங்கும் உப்புச் சுரங்கத்தில் மரச் சறுக்கில் சறுக்கி இறங்கலாம்.

ஆனால் அந்த ஊருக்கு மேலேதான் ஓபர்சால்ஸ்பெர்க், ஹிட்லரின் மலை வீடு இருந்த இடம். 1999இல் திறந்த ஆவண மையம் அதை மழுப்பாமல் சொல்கிறது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதற்காகவே பெர்ஷ்டெஸ்காடனைச் சொல்வேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு போனால், காலையில் சறுக்கு, மாலையில் அந்தப் படங்கள் என்பது சரிவரவில்லை. எங்கள் குழுவில் இரண்டு பேர் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று: மூன்று நாடும் ஷெங்கன்தான், ஒரே வகை விசா போதும். ஆனால் எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டு விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மியூனிக்கில் இறங்கினாலும் இன்ஸ்புருக்கில் தூங்கினால் ஆஸ்திரியா. ஊரைத் தாமதமாக முடிவு செய்தால் முதலில் அடிபடுவது இந்தப் பிள்ளைகள்தான்.

சுவிட்சர்லாந்துக்குக் குடும்பத்தோடு போங்கள், வானிலை பார்த்து நாள் தள்ளிப் போட முடிந்தவர்கள் போங்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்கு அடுத்த பயணப் படிவத்தில் நான் எழுதிக் கொடுத்திருப்பது இன்ஸ்புருக். போய்ச் சேருவது சனிக்கிழமை மாலை. ஞாயிறு கடையெல்லாம் மூடிக் கிடக்கும். கடை மூடுவதற்குள் நாற்பத்தைந்து பேருக்கு ரொட்டியும் சீஸும் வாங்கியாக வேண்டும், பாஸ்போர்ட் கட்டு இந்த முறை என் கைப்பையில்.