பத்து நாள் குழு நாடகப் பயிலரங்கு: முதல் பாதி அருமை, பின்பாதி அவசரம்

நாடக மாணவர்கள் பன்னிரண்டு பேர், இயக்குநர் இல்லாமல், அரை மணி நேர நாடகம் ஒன்றைத் தாங்களே கட்டி மேடையேற்றுவார்கள் என்பதுதான் அறிவிப்பு. மேடையேற்றம் நடந்தது. 'தாங்களே' என்பதில்தான் இடிக்கிறது.

முதல் நான்கு நாளும் உடற்பயிற்சிதான், அதற்குக் குறையே சொல்ல முடியாது. அமெரிக்க நடனக் கலைஞர் மேரி ஓவர்லி வகுத்த ஆறு 'வியூபாயிண்ட்'களை, அதாவது மேடையில் நடப்பதைக் கவனிக்கும் கோணங்களை, நாடக இயக்குநர்கள் ஆன் போகார்ட்டும் டினா லாண்டாவும் ஒன்பதாக விரித்தார்கள். ஒன்பதையும் நான்கு நாளில் திணிக்காமல் வேகம், இடைவெளி, அனிச்சை எதிர்வினை மூன்றோடு நிறுத்தியது நல்ல முடிவு. ஒரு பயிற்சியில் எல்லோரும் நடக்க வேண்டும், யாரும் சைகை காட்டாமல் ஒரே நொடியில் நிற்க வேண்டும், மறுபடி ஒன்றாகக் கிளம்ப வேண்டும். முதல் நாள் ஒருவர் நின்றதும் மற்றவர்கள் அலை போல ஒவ்வொருவராக நின்றார்கள். எல்லோரும் ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் காரணம். பார்வையை யார் மேலும் குத்தாமல் அகலமாக வைக்கச் சொன்ன பிறகு, மூன்றாம் நாளில் பன்னிரண்டு ஜோடிக் காலும் 'டக்'கென்று ஒரே சத்தமாக நின்றன.

குச்சிப் பயிற்சிக்கு பிளாஸ்டிக் குழாய் கொடுத்தது சறுக்கல். இருவர் விரல்நுனிக்கு இடையே குச்சியை நிறுத்தி நகரும்போது, எதிராளி எவ்வளவு தள்ளுகிறார் என்று விரலுக்குத் தெரிய வேண்டும். குழாய் வழுக்குகிறது, வெட்டிய விளிம்பு விரலை அறுக்கிறது. பென்சில் பருமனில் ஒரு மீட்டர் மூங்கில் குச்சி போதும்.

ஐந்தாம் நாளிலிருந்து உருவாக்கம். ஆசிரியர் தலையீடு இல்லாமல் மாணவர்களே குழுவாக ஒரு சிறு காட்சித் துண்டைச் செய்து காட்டும் முறை, 1956இல் பாரிசில் நடிப்புப் பயிற்றுநர் ழாக் லெகோக் தொடங்கிய நாடகப் பள்ளியில் புகழ்பெற்றது. இங்கே நான்கு பேர், ஒரு பக்கப் பிரதி, நாற்பது நிமிடம். அதில் முப்பது நிமிடம் பேச்சிலேயே கரைந்தது. கடைசியில் குரல் பெரிதாக இருப்பவர் யோசனை ஜெயித்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது, மீதியை எழுந்து நின்று செய்து காட்டிவிட்டுப் பேச வேண்டும் என்று ஒரு விதி போட்டிருக்கலாம். வெளியே உட்கார்ந்து பார்க்க ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர் என்று தினமும் முறைவைத்து மாற்றியிருக்க வேண்டும். அது இல்லாததால், 'நேற்று நல்லா வந்ததே, அது எந்த வடிவம்?' என்று தேடியே ஆறாம் நாள் காலை முழுக்கப் போனது.

எந்தத் துண்டு இருக்கும், எது போகும் என்று முடிவானது எட்டாம் நாள் மாலையில். மறுநாள் மேடைக்கு லைட் போடும் வேலை வந்துவிட்டது. அந்தப் பதற்றத்தில் பயிற்றுநரே 'நீ இங்கே நில், நீ அப்படி வா' என்று நிறுத்த ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கால அட்டவணைதான் அவரை இயக்குநராக்கியது. ஆறாம் நாளே வேண்டாத துண்டுகளைக் கழித்துக்கட்டி, ஏழில் வரிசைப்படுத்தி, எட்டு முழுவதையும் காட்சி மாற்றத்துக்குக் கொடுத்திருந்தால் அந்த நிலை வந்திருக்காது.

காட்சி மாற்றத்தைப் பார்த்தாலே குழு எப்படி இருக்கிறதென்று தெரிந்துவிடும். இந்த நாடகத்தில் நான்கு பேர் மேசையைத் தூக்குகிறார்கள். முன்னால் இருக்கும் இருவர் அரை நொடி முந்த, மேசை சாய்ந்து டம்ளர் உருண்டது. பின்னால் நிற்பவர் மூச்சை இழுக்கும் சத்தத்தையே குறியாக வைத்துக்கொண்டால் இது நடக்காது. முன்னால் நிற்பவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது, மூச்சுச் சத்தம் கேட்கும். தரையில் மேசையின் நான்கு காலுக்கும் டேப் ஒட்டியிருந்தார்கள், இருட்டில் எந்தக் குறி எந்தக் காட்சிக்கு என்று குழம்பினார்கள். பின்பக்கக் கால்கள் இரண்டுக்கு மட்டும், காட்சிக்கு ஒரு நிறமாக, 'ட' வடிவில் ஒட்டினால் போதும்.

முதல் நான்கு நாளுக்காகச் சேரலாம். சேரும் முன் அட்டவணையைக் கேட்டு வாங்கி, துண்டுகளைக் கழிக்கும் நாள் எது என்று மட்டும் பாருங்கள்.